கத்தரிக்கோலும் நான்காம் பரிமாணமும்

(கிளை நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவிலும் வந்திருக்கும் வட்டாரக் கல்வி அலுவலர் அவர்களே, விடுமுறை நாளிலும் நமக்காகக் கதவைத் திறந்துவைக்கும் நூலகர் அம்மா அவர்களே, பந்தலும் ஒலிபெருக்கியும் தந்து உதவிய வணிகர் சங்கப் பொறுப்பாளர்களே, முன்வரிசையில் இருக்கும் மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் என் வணக்கம். வீடு வீடாகப் போய் அழைப்பிதழ் கொடுத்த வாசகர் வட்டச் செயலாளருக்குத் தனி வணக்கம்.

இன்று மூன்று கேள்விகளைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். எல்லா முகமும் ஒரே அளவான ஒழுங்கு வடிவமாக, ஒவ்வொரு முனையிலும் ஒரே எண்ணிக்கையில் சேர்கிற ஒழுங்கான திண்மங்கள் ஏன் ஐந்தே ஐந்து? நான்கு சமபக்க முக்கோணங்களால் ஆன நான்முகிகளை இடைவெளி விழாமல் அடுக்க முடியுமா? ஒரே அளவுள்ள நுரைக் குமிழிகள் நெருங்கி அமர்ந்தால் என்ன வடிவம் எடுக்கும்? அட்டையும் கோந்தும் வைத்திருக்கிற யாரும் இவற்றைக் கேட்கலாம். ‘சித்திரமும் கைப்பழக்கம்’ என்பார்கள். வடிவக் கணிதமும் கைப்பழக்கம்தான் என்பது என் கட்சி.

முதல் கேள்விக்கு விடை பழைய கிரேக்கக் கணித மேதை யூக்ளிடிடமே இருக்கிறது. சமபக்க முக்கோணங்களை ஒரு முனையில் சேருங்கள். மூன்று சேர்ந்தால் நான்முகி, நான்கு சேர்ந்தால் எண்முகி, ஐந்து சேர்ந்தால் இருபதுமுகி. ஆறு சேர்த்தால் 360 டிகிரி நிரம்பித் தட்டையாகப் படுத்துவிடும். சதுரத்தில் கனசதுரம், ஐங்கோணத்தில் பன்னிருமுகி. அவ்வளவுதான். தரையில் வைக்கும்போது விழுகிற இடைவெளிதான் மேலே மடிக்க வழிவிடுகிறது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இதோ, காலண்டர் அட்டையில் செய்த ஐந்து நான்முகிகள். ஒரே விளிம்பைச் சுற்றி ஐந்தையும் ஒட்டியிருக்கிறேன். பின்வரிசைக்கும் தெரியட்டும் என்று உயர்த்திப் பிடிக்கிறேன். ஐந்தாவதற்கும் முதலாவதற்கும் நடுவே கீற்றாக வெளிச்சம் தெரிகிறதா? நான்முகியின் இரண்டு முகங்களுக்கு இடைப்பட்ட கோணம் சுமார் 70.53 டிகிரி. ஐந்து மடங்கு 352.6 சொச்சம். முழுச் சுற்றுக்கு ஏழு டிகிரிக்கு மேல் குறைகிறது. நான்முகிகள் வெளியை நிரப்பும் என்று அரிஸ்டாட்டில் எழுதிவைத்தார். பல நூற்றாண்டுகள் அறிஞர்கள் அதற்கு உரை எழுதிக்கொண்டிருந்தார்கள். செய்து பார்த்தால் கண்ணுக்கே தெரிகிற கீற்று இது. சித்திரமும் கைப்பழக்கம்!

சரி, அந்தக் கீற்றின் வழியாக உள்ளே போன ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். அலிசியா பூல் ஸ்டாட், 1860இல் அயர்லாந்தின் கார்க் நகரில் பிறந்தவர். அப்பா ஜார்ஜ் பூல். இன்றைய கம்ப்யூட்டருக்கு அடிப்படையான தர்க்க இயற்கணிதம் அவருடையது. அம்மா மேரி எவரெஸ்ட். ஆமாம், சிகரத்துக்குப் பெயர் தந்த ஜார்ஜ் எவரெஸ்டின் அண்ணன் தம்பி வழி மகள்தான் அவர். நம் பரங்கிமலையில் 1802இல் நில அளவையாளர் லாம்ப்டன், மற்ற அளவுகளுக்கெல்லாம் அடிப்படையான அடிக்கோட்டை அளந்து தொடங்கிய நில அளவைப் பணியைப் பிற்பாடு தலைமையேற்று நடத்தியவர் அந்த எவரெஸ்ட். அலிசியாவுக்கு நாலு வயதாகும்போது அப்பா போய்விட்டார். ஐந்து பெண் குழந்தைகள், கையில் காசில்லை. அலிசியா கல்லூரி வாசலை மிதிக்கவில்லை. அவருடைய மூத்த அக்காவைக் கட்டிய ஹிண்டன், வண்ணம் பூசிய சின்னச் சின்ன மரக் கனசதுரங்களைக் கொண்டுவந்து, நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றையும் தாண்டிய நான்காம் பரிமாணத்தைக் கற்பனை செய்யப் பழக்கினார். மற்றவர்கள் விளையாடிவிட்டுப் போனார்கள். அலிசியா பிடித்துக்கொண்டார்.

எலுமிச்சம்பழத்தை வில்லை வில்லையாக நறுக்கினால் சின்ன வட்டம், பெரிய வட்டம், மறுபடி சின்ன வட்டம் என்று வருமே, அப்படி நாற்பரிமாண வடிவங்களை மனதுக்குள்ளேயே நறுக்கினார். கிடைத்த துண்டுகள் முப்பரிமாணத் திண்மங்கள். ஒவ்வொன்றையும் அட்டையில் வெட்டி ஒட்டினார். கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே இந்த வேலை. நாற்பரிமாணத்தில் ஒழுங்கான வடிவங்கள் ஆறு என்று தானாகவே கண்டார். சுவிட்சர்லாந்துக் கணிதவியலாளர் ஷ்லாஃப்லி ஏற்கனவே அதைக் கண்டிருந்தது அவருக்குத் தெரியாது. அந்த ஆறில் ஒன்று 600 நான்முகிகளால் ஆனது; அதில் ஒவ்வொரு விளிம்பைச் சுற்றியும் சரியாக ஐந்து நான்முகிகள். என் கையில் இருக்கிற இந்தக் கீற்று அங்கே மடிந்து மூடிக்கொள்கிறது! நெதர்லாந்துப் பேராசிரியர் ஸ்கவுட்டே இதே துண்டுகளைக் கணக்குப் போட்டு வெளியிட்டதை அறிந்து, அலிசியா தன் அட்டை மாதிரிகளின் புகைப்படங்களை அனுப்பினார். இரண்டும் ஒத்துப்போயின. ஸ்கவுட்டே இங்கிலாந்துக்கே வந்து அவரோடு சேர்ந்து உழைத்தார். 1914இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகம் அலிசியாவுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தந்தது. அந்த அட்டை மாதிரிகள் இன்றும் அங்கே இருக்கின்றன.

பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2022இல் இங்கிலாந்தில் டேவிட் ஸ்மித் என்ற ஓய்வுபெற்ற அச்சுத் தொழில்நுட்பர் பதின்மூன்று பக்க ஓடு ஒன்றைக் கண்டார். தளத்தை முழுதும் நிரப்பும், ஆனால் அடுக்கு திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வராது. அவரும் அட்டையில் வெட்டி அடுக்கித்தான் பார்த்தார்.

மூன்றாவதான நுரைக் கேள்விக்கு 1887இல் இயற்பியலாளர் கெல்வின் பிரபு ஒரு விடை சொன்னார், 1993இல் அதைவிடக் குறைந்த சுவர்ப் பரப்பில் முடிகிற சிக்கனமான விடை வந்தது. அதை இன்னொரு கூட்டத்தில் விரிவாகப் பேசுவோம். அதைவிட அவசரமான ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

நான் போன ஒரு பள்ளியில் ஐந்து திண்மங்களும் பளபளவென்று பிளாஸ்டிக்கில் இருந்தன. கண்ணாடி அலமாரிக்குள், பூட்டுப் போட்டு, ‘தொடாதீர்’ என்று எழுதி! ஒரு பிள்ளை மூக்கைக் கண்ணாடியில் அழுத்தி முகங்களை எண்ணிக்கொண்டிருந்தது. பின்பக்கத்தை அது எப்படி எண்ணும்? எனக்கு வயிறு எரிந்தது. கைப்பழக்கத்துக்குப் பூட்டுப் போட்டால் சித்திரம் எங்கிருந்து வரும்?

அதனால்தான் நான் ஊர் ஊராகக் கேட்டுவருகிறேன்: ஒவ்வொரு கிளை நூலகத்திலும் ஒரு கணித மேசை வேண்டும். பழைய அட்டை, கத்தரிக்கோல், கோணமானி, கோந்து, இவ்வளவுதான் செலவு. தச்சு வேலை தெரிந்தவர்களும் தையல் தெரிந்தவர்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் ஞாயிறு காலையில் இரண்டு மணி நேரம் வந்து உட்கார வேண்டும். நூலகர் அம்மா மூலையில் ஒரு மேசையைக் காலிசெய்து தருவதாகச் சொல்லிவிட்டார். அவருக்குப் பெரிய கைதட்டல் கொடுங்கள். மற்ற நூலகங்களுக்கான கோரிக்கை மனு வாசலில் செயலாளர் கையில் இருக்கிறது. கையெழுத்துப் போடாமல் போகாதீர்கள். அதன் முதல் பிரதியைக் கல்வி அலுவலர் அவர்களிடம் இந்த மேடையிலேயே கொடுக்கிறேன், இந்த ஐந்து நான்முகிகளோடு சேர்த்து. நன்றி, வணக்கம்.