21-ஆவது கேள்வியைத் தாண்டிப் போன தம்பி

வணக்கம் மக்களே. இன்றைக்குப் படம் கொஞ்சம் ஆடும். ஸ்டாண்டுக்குக் கால் போய்விட்டது. ஆக, இந்த வீட்டில் இப்போது நாங்கள் இரண்டு பேர். ஃபோனை மடியில் தலையணை போட்டு நிறுத்தியிருக்கிறேன்.

போன வாரம் பிசியோதெரபி படிக்கும் தம்பி ஒருவர் வந்தார். முதுகுத்தண்டில் அடிபட்டவர்களின் வாழ்க்கைத் தரத்தை அளக்கிறாராம். மாமரத்திலிருந்து விழுந்து, முதுகெலும்பில் டி10 லெவலில், அதாவது நெஞ்சுப் பகுதியின் பத்தாவது எலும்பு மட்டத்தில் அடிபட்டு, ஒன்பது வருடமாக வீல்சேரில் இருப்பவன் நான். என் தரம் எவ்வளவு என்று நானும் தெரிந்துகொள்ளலாமே என்று சம்மதித்தேன்.

முதல் தாள் எஸ்எஃப்-36 என்ற உடல்நலக் கேள்வித்தாள். மொத்தம் 36 கேள்வி, பல நாடுகளில் புழங்குவது. "பல மாடி ஏற முடிகிறதா?" என்று படித்தார். என் காலைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். முடியாது என்றேன். "ஒரு மாடி?" முடியாது தம்பி. "ஒரு மைலுக்கு மேல் நடக்க?" உடல் இயக்கம் பற்றிய பத்துக் கேள்வியில் ஐந்து, படியேறுவதும் நடப்பதும்தான். நான் தினமும் டீக்கடைக்கு வீல்சேரைத் தள்ளிக்கொண்டு போய் வருகிறேன். அதை எழுத அந்தத் தாளில் இடமே இல்லை. 'நடக்க' என்பதை 'போக' என்று மாற்றிப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள் உண்டு. ஒரே ஒரு சொல்தான், ஆனால் என் பதில் தலைகீழாகிவிடும்.

இரண்டாவது தாள் உலக சுகாதார நிறுவனத்துடையது, 26 கேள்வி. இதை உருவாக்கியபோது மக்களிடம் பேசிப் பார்த்த ஊர்களில் சென்னையும் ஒன்று. இது எனக்குப் பிடித்திருந்தது. வலி, பணம், தூக்கம், போக்குவரத்து என்று நம்மையே கேட்டு, ஒன்று முதல் ஐந்து வரை மார்க் போடச் சொல்கிறது. ஆனால் கடந்த இரண்டு வாரத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும். எனக்கு அப்போதுதான் யூரின் இன்ஃபெக்ஷன் வந்து காய்ச்சல் விட்டிருந்தது. ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் வேறு மார்க்.

20 முடிந்ததும் தம்பி நேராக 22-க்குப் போனார்.

"தம்பி, 21 எங்கே?"

"அது... பரவாயில்லைண்ணா, விட்டுடலாம்."

தாளை வாங்கிப் பார்த்தேன். தாம்பத்திய உறவில் திருப்தியா என்ற கேள்வி. உறவுகள் பற்றிய அந்தப் பகுதியில் இருப்பதே மூன்று கேள்விதான், அதில் ஒன்றை வெட்கப்பட்டு விட்டுவிட்டால் என்ன அளந்தோம்? 2004-இல் அமெரிக்காவில் முதுகுத்தண்டில் அடிபட்ட 681 பேரிடம், எது திரும்பக் கிடைத்தால் வாழ்க்கை மாறும் என்று கேட்டார்கள். கழுத்தில் அடிபட்டவர்கள் முதலில் சொன்னது கையை. என்னைப் போல இடுப்புக்குக் கீழ் போனவர்கள் முதலில் சொன்னது தாம்பத்தியத்தை. நடப்பதை இரண்டு கூட்டமும் முதலில் வைக்கவில்லை.

1994-இல் அங்கேயே இன்னொன்று. அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்பவர்களிடம், உங்களுக்கே முதுகுத்தண்டில் கடுமையாக அடிபட்டால் உயிரோடு இருப்பதற்குச் சந்தோஷப்படுவீர்களா என்று கேட்டார்கள். ஆம் என்றவர்கள் 18 சதவீதம். அடிபட்டவர்களிடம் அதே கேள்விக்கு 92 சதவீதம். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது "இதுக்கு போயே சேர்ந்திருக்கலாம்" என்ற சொந்தக்காரர் அந்த 18-இல் வரமாட்டார். ஆனால் இதை வைத்து எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறோம் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். படுக்கைப்புண்ணோடு திண்ணையில் கிடப்பவரிடம் எந்தத் தாளும் போய்ச் சேர்வதில்லை.

சரி, 21-க்கு என்ன மார்க் போட்டேன் என்று கேட்காதீர்கள், வீட்டில் இந்த வீடியோவைப் பார்ப்பாள். தம்பி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே எழுதிக்கொண்டார்.

அப்புறம், அந்த இரண்டு தாளிலும் இல்லாதது ஒன்று: சிறுநீர். முதுகுத்தண்டுக்காரர்களுக்கென்றே 2015-இல் வந்த எஸ்சிஐ-க்யூஓஎல் என்ற கேள்வித் தொகுப்பில் அதற்கும் மலத்துக்கும் படுக்கைப்புண்ணுக்கும் தனித்தனிக் கேள்விகள் உண்டு. என் நாளை நான்கு மணி நேரத் துண்டுகளாக வெட்டுவதே சிறுநீரை வெளியே எடுக்கும் குழாயான கத்தீட்டர்தான். கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தி எங்கே என்று பார்ப்பதில்லை, வீல்சேர் நுழைகிற பாத்ரூம் எங்கே என்றுதான் பார்ப்பேன்.

மணி இரண்டு ஆகிவிட்டது. அதற்கான நேரம்தான். அடுத்த வீடியோவில் பார்ப்போம்.