மாட்டுக்கு மேய்ப்பும் குதிரைக்குத் தேய்ப்பும்

தலைமை தாங்கும் ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களுக்கும், பள்ளிக்கூடத் திடலைக் கொடுத்து உதவிய தலைமையாசிரியர் அவர்களுக்கும், பால் சங்கத்துச் செயலாளர் அண்ணனுக்கும் வணக்கம். முன்வரிசையில் ஓய்வுபெற்ற கால்நடை இணை இயக்குநர் ஐயா உட்கார்ந்திருக்கிறார். அவர் முன்னால் நான் மாட்டு வைத்தியம் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான், பொறுத்துக்கொள்ள வேண்டும். யார் பெயரையாவது விட்டிருந்தால் பந்தலில் இருக்கிற எல்லாருக்கும் சேர்த்து இன்னொரு வணக்கம்.

வெள்ளைக்காரன் காலத்து மாட்டு டாக்டர்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று விஷயம் சொல்கிறேன். இந்தத் துறை வந்த கதை, வெக்கை என்கிற மாட்டுக் கொள்ளைநோய், மூன்றாவது அந்த உத்தியோகஸ்தர்களுடைய சம்பளமும் சர்க்கார் அவர்களை நடத்திய விதமும்.

‘மாட்டுக்கு மேய்ப்பும் குதிரைக்குத் தேய்ப்பும்’ என்று ஒரு பழமொழி உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் முதலில் பார்த்தது தேய்ப்பைத்தான். 1808-இல் மூர்கிராஃப்ட் என்ற கால்நடை வைத்தியரைக் கப்பலேற்றி வரவழைத்தது பட்டாளத்துக்குக் குதிரை வளர்க்க. குடியானவனின் மாடு வெக்கையில் கூட்டம் கூட்டமாகச் செத்து, உழவு நின்று, வரி வசூலில் கை வைத்த பிறகுதான் சர்க்காருக்கு மாட்டு ஞாபகம் வந்தது. 1871-இல் மாட்டுக் கொள்ளைநோய் கமிஷனின் அறிக்கை, 1890-களின் தொடக்கத்தில் சிவில் வெட்னரி இலாகா, 1903-இல் சென்னை வேப்பேரியில் கல்லூரி. அங்கே படித்து வந்த நம் பையன்கள்தான் வெட்னரி அசிஸ்டென்ட் என்ற பெயரில் மருந்துப் பெட்டியோடு ஊர் ஊராக அலைந்தார்கள். ஒருவர் கையில் ஒரு தாலுகா, சில சமயம் அதற்கும் மேலே. மணியக்காரர் எழுதிய தகவல் தாலுகா ஆபீசுக்குப் போய், அங்கிருந்து இவருக்கு வந்து, இவர் வண்டி பிடித்து ஊருக்கு வருவதற்குள் பாதித் தொழுவம் காலி.

சரி, எங்கள் தாத்தா சொன்ன கதைக்கு வருகிறேன். தாராபுரத்துப் பக்கம், 1930-கள். பாதி கதை தாத்தா சேர்த்ததாக இருக்கலாம், எனக்குக் கவலையில்லை. பக்கத்து ஊரில் வெக்கை வந்துவிட்டது, டாக்டர் ஊசியோடு வருகிறார் என்று சேதி. ஊசி போட்டால் மாட்டுக்குக் காய்ச்சல் வரும், ஆத்தா கோபித்துக்கொள்வாள், போதாததற்கு மாட்டை எண்ணிக்கொண்டு போய் வரி போடுவான் என்று வேறு ஒரு புரளி. விடிவதற்குள் மாடெல்லாம் ஓடைக் கரைக்குப் போய்விட்டது. டாக்டர் வந்து இறங்கினால் ஊரே கைகட்டி நின்று “எங்க ஊர்ல மாடே இல்லீங்க சாமி” என்கிறது. அவர் ஒன்றும் பேசவில்லை. வீதியைக் குனிந்து பார்த்துவிட்டு, “அப்படீங்களா? இந்தச் சாணியெல்லாம் மணியக்காரர் போட்டதுங்களா?” என்று கேட்டிருக்கிறார்.

சிரித்து முடியுங்கள், இன்னும் இருக்கிறது. என் தாத்தாவைப் பெற்ற ஆத்தாள் ஒரு மயிலைக் காளையை வீட்டுக்குள்ளேயே கட்டி, மேலே கண்டாங்கிச் சேலையைப் போர்த்தி வைத்திருந்தாள். அந்த நேரம் பார்த்து அது “அம்மா” என்று கத்தியது. கிழவி திண்ணையில் உட்கார்ந்து லொக்கு லொக்கென்று இருமுகிறாள். டாக்டர் நிதானமாக, “ஆத்தா, உள்ளே படுத்திருக்கிற உங்க சம்பந்தியம்மாவுக்குத் தொண்டை சரியில்லை போல, நான் பார்க்கட்டுங்களா?” என்றாராம். கிழவிக்கே சிரிப்பு வந்துவிட்டது. முதல் ஊசி அந்தக் காளைக்குத்தான்.

ஊசி போட்டதோடு அவர் போகவில்லை. நோய் கண்ட மாட்டைத் தனியாக வைக்க இடம் எங்கே என்று கேட்டார். வெக்கை மூச்சிலும் கழிச்சலிலும் ஒட்டிக்கொண்டு பரவுகிற நோய், ஒரே குட்டையில் தண்ணீர் காட்டினால் போச்சு. முக்தேசுவரம் கால்நடை ஆராய்ச்சிக்கூடத்தைப் புனேயிலிருந்து பெயர்த்து இமயமலைக் காட்டுக்குள் கொண்டுபோய் வைத்ததே கிருமி ஊருக்குள் வரக்கூடாது என்றுதான். அங்கே எட்வர்ட்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் 1920-களில் ஆட்டு உடம்பில் ஏற்றி ஏற்றி வீரியம் குறைத்த மருந்துதான் பிறகு ஊர் ஊராக வந்தது. அதற்கு முன்பு இருந்த சீரம் ஊசியின் பாதுகாப்பு கொஞ்ச நாள்தான் தாங்கும். கடைசியில் 2011-இல் உலகத்திலேயே வெக்கை இல்லை என்று அறிவித்தார்கள். அது பெரிய கதை, இன்னொரு நாள்.

கிழவி கைகாட்டியது ஊருக்கு வடக்கே மேய்க்கால் புறம்போக்கை, அதாவது ஊர்ப் பொது மேய்ச்சல் நிலத்தை. கொறங்காடு என்கிற சொந்த மேய்ச்சல் காடு வைத்திருப்பவர்கள் கிளுவை வேலிக்குள் மேய்த்துக்கொள்வார்கள். நாலு ஆடு, ஒரு எருமை வைத்திருப்பவருக்கு அந்தப் புறம்போக்குதான் காடு, அதுதான் மாட்டு ஆஸ்பத்திரி. மாட்டுக்கு மேய்ப்பு என்று சும்மாவா சொன்னான்? இன்றைக்கு அங்கே போய்ப் பாருங்கள். கம்பி வேலி, உள்ளே இரண்டு குடோன். கணக்கில் மட்டும் இன்னும் மேய்க்கால். இதைக் கேட்கப் போன இடத்தில் என்னை நாலு தடவை அலையவிட்டு, “மாடே இல்லாத ஊருக்கு மேய்க்கால் எதற்கு?” என்றார்கள். சாணியைக் காட்டலாம் என்று பார்த்தேன், கையில் இல்லை.

சம்பளத்தைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன், தலைவர் அம்மா மணியைப் பார்க்கிறார். மேடைக்கு இடப்பக்கம் பெஞ்சில் மேய்க்காலை மீட்டுத் தரச் சொல்லும் மனு இருக்கிறது, பக்கத்தில் ஊர் நிலக் கணக்கான அ-பதிவேட்டின் நகலும் இருக்கிறது. சர்வே எண்ணைச் சரிபார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மாடு வைத்திருப்பவர்கள் எத்தனை உருப்படி என்றும் எழுதுங்கள், யாரும் வரி போடமாட்டார்கள்.