8055 எண்ணுக்கு ஏன் இத்தனை மவுசு? எட்டேகாலில் ஒளிந்திருக்கும் வசவு!

(திரையில்: டிஎன் 29 என்று தொடங்கி 8055 என்று முடியும் எண் பலகை)

தருமபுரி நான்கு ரோட்டில் உங்களுக்கு முன்னால் நிற்கும் வண்டியின் எண் 8055 என்றிருந்தால், அதன் உரிமையாளர் அந்த எண்ணைக் கேட்டு வாங்கியிருக்கிறார் என்று பெரும்பாலும் துணிந்து சொல்லிவிடலாம். 8 ஆங்கில பி எழுத்தைப் போலவும், 0 ஓ எழுத்தைப் போலவும், 5 எஸ் எழுத்தைப் போலவும் தோன்றுவதால், நான்கு இலக்கங்களும் சேர்ந்து "பாஸ்" ஆகிவிடுகின்றன. எண்ணை நெளித்து எழுத்தாகவே வரைந்துவிட்டால் மட்டும் அது மோட்டார் வாகன விதிகளுக்குப் புறம்பாகிவிடும். அபராதச் சீட்டில் யாரும் உங்களை பாஸ் என்று குறிப்பிட மாட்டார்கள்.

வணக்கம் நேயர்களே. இணையத்தில் இந்த வித்தைக்கு "லீட்" என்று பெயர். வரலாற்றை வேகமாகக் கடந்துவிடுவோம்: 1980-களில், தொலைபேசிக் கம்பி வழியே கணினிகளை இணைத்துப் பேசிய காலத்தில், தங்களை "எலீட்", அதாவது மேல்தட்டு, என்று கருதிக்கொண்டவர்கள் அச்சொல்லை "லீட்" என்று சுருக்கி 1337 என்று எழுதினார்கள்: 1 எல் எழுத்தாகவும், 3 திருப்பிப் போட்ட ஈ எழுத்தாகவும், 7 டி எழுத்தாகவும் நிற்கும். 1998-இல் வெளிவந்த பேக் ஓரிஃபிஸ் என்ற ஊடுருவல் மென்பொருள், தனக்குரிய போர்ட் எண்ணாக, அதாவது கணினிக்குள் இணைப்பு நுழையும் வாசலின் எண்ணாக, 31337-ஐ வைத்துக்கொண்டது. வரலாறு அவ்வளவுதான்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. "எட்டேகால் லட்சணமே" என்று ஔவையார் ஒருவரை வைததாகத் தனிப்பாடல் ஒன்று உண்டு. தமிழ் எண்களில் எட்டுக்குரிய ௮ அகரத்தைப் போலவே இருக்கும். கால் என்ற பின்னத்துக்குரிய குறியோ "வ". ஆகவே, காதில் விழுந்த சொல்லை எண்ணாக்கி, அந்த எண்ணை மனத்துக்குள் எழுதிப் பார்த்து, எழுதியதை மறுபடியும் எழுத்தாகப் படித்தால்தான் "அவலட்சணமே" என்ற வசவு வெளிப்படும். 8055-ஐ "எண்பது ஐம்பத்தைந்து" என்று வாய்விட்டுச் சொன்னால் அதில் பாஸும் இல்லை, ஒன்றும் இல்லை. அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். ஔவையின் வசவோ வாயால் சொல்லி, காதால் கேட்டே வேலை செய்கிறது. கணக்குத் தெரியாதவராக இருந்திருந்தால், திட்டு வாங்கியவர் நன்றி சொல்லிவிட்டுப் போயிருப்பார்! என்னைக் கேட்டால், 1337 இதன் அருகில்கூட வர முடியாது. நம் தகடூர் அதியமானிடம் நெல்லிக்கனி பெற்றவரே இதைப் பாடினார் என்று ஊர்ப்பெருமை பேச எனக்கும் ஆசைதான்; ஆனால் அவர் சங்க காலத்தவர், இப்பாடல் வழங்குவதோ பிற்கால ஔவையார் ஒருவரின் பெயரில்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. கடவுச்சொல்லில் ஏ எழுத்துக்கு @, ஓ எழுத்துக்கு 0 என்று மாற்றிவிட்டால் யாராலும் உடைக்க முடியாது என்று நம்புகிறவர்கள் பலர். ஹேஷ்கேட், ஜான் த ரிப்பர் போன்ற கடவுச்சொல் உடைக்கும் மென்பொருள்கள், அகராதிச் சொல் ஒவ்வொன்றையும் இதே மாற்றங்களோடு தாமாகவே சோதித்துப் பார்க்கும் வசதி கொண்டவை. ஊர்ப் பெயரில் இரண்டு @ போட்டு, பின்னால் பிறந்த ஆண்டைச் சேர்த்து வைத்திருப்பவர்கள், உடனே அதை நீளமானதாக மாற்றிவிட்டு, பிறகு இந்தக் காணொளிக்கு லைக் போடுங்கள். பழைய கடவுச்சொல்லைக் கமெண்டில் எழுத வேண்டாம்.