டம்ளரும் ஊசியும்

(அரசு கலைக் கல்லூரி ஒன்றில் புதிதாகப் பணியில் சேர்ந்த ஆசிரியர்களிடம், ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். நாளை மறுநாள் கல்லூரி திறக்கிறது. உங்களில் பலர் முதல் முறையாக வருகைப் பதிவேட்டோடு முதலாமாண்டு வகுப்புக்குள் நுழையப் போகிறீர்கள். 32 வருஷம் அந்த வாசலைத் தாண்டியவன் என்ற உரிமையில் ஒரே ஒரு விஷயம் கேட்டுக்கொள்கிறேன். முதல் நாளே பிள்ளைகளை எழுப்பி நிறுத்தி, 'இங்கிலீஷில் செல்ஃப் இன்ட்ரொடக்‌ஷன் கொடு' என்று சொல்லாதீர்கள்.

நானும் சொன்னவன்தான். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம், மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். பெயரைச் சொன்னாள். 'ஐ ஆம் கமிங் ஃப்ரம்' என்றாள். அதற்கு மேல் சொந்த ஊரின் பெயர்கூட வாயில் வரவில்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள். துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். மறுநாள் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். மூன்று வருஷமும் அங்கேதான். பிளஸ் டூவில் இயற்பியலில் 200க்கு 180க்கு மேல் வாங்கியவள் என்பது, பிறகு சான்றிதழ் நகல்களைப் புரட்டும்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

நம்மிடம் வருகிற பிள்ளைகளில் தமிழ் வழியில் படித்தவர்கள் நிறைய. வீட்டிலேயே முதல் பட்டதாரியாகப் போகிறவர்களும் நிறைய. அவர்களுக்குப் பாடம் தெரியாமல் இல்லை, வேறு பெயரில் தெரியும். 'மொமென்டம்' அவர்களுக்கு உந்தம். 'விஸ்காசிட்டி' என்றால் விழிப்பார்கள். பாகுநிலை என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். வணிகவியலில் டெபிட் என்பது அவர்கள் பற்று என்று எழுதிப் பழகியதுதான். இரண்டு பெயரையும் பலகையில் அருகருகே எழுத அரை நிமிஷம் ஆகுமா?

'அப்படியானால் இங்கிலீஷ் எப்போதுதான் வரும், நேர்முகத் தேர்வில் என்ன செய்வார்கள்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வரவேண்டும், வரவைக்க வேண்டியது நம் வேலை. ஆனால் அதற்கு ஆறு செமஸ்டர் இருக்கிறது. முதல் மணி நேரத்திலேயே அதை வைத்து ஆளை எடை போட வேண்டாம்.

சரி, அந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது? இன்டர்னல் 25, செமஸ்டர் தேர்வு 75, வருகை 75 சதவீதம் என்பதைச் சொல்ல ஐந்து நிமிஷம் போதும். பெயர் கூப்பிடும்போது மட்டும் நிதானம் வேண்டும். பதிவேடு இங்கிலீஷில் இருக்கும், அதில் ழகரமும் ளகரமும் தொலைந்திருக்கும். 'சரியாகத்தான் சொல்கிறேனா?' என்று அந்தப் பிள்ளையிடமே கேளுங்கள். பேருந்து தாமதமாகி வியர்த்து ஓடி வருகிறவனை வாசலில் நிறுத்தாதீர்கள்.

அப்புறம், பாடம் நடத்துங்கள். முதல் நாளே.

அந்தப் பெண்ணுக்குப் பிறகு நான் ஒவ்வொரு வருஷமும் கண்ணாடி டம்ளரில் தண்ணீரும் ஒரு தையல் ஊசியும் கொண்டு போனேன். சின்ன டிஷ்யூ பேப்பர் துண்டின் மேல் ஊசியைப் படுக்க வைத்து, மெல்லத் தண்ணீரில் விடுவேன். காகிதம் ஊறிக் கீழே இறங்கும், ஊசி மேலேயே கிடக்கும். எஃகு தண்ணீரைப் போல ஏறக்குறைய 8 மடங்கு அடர்த்தி உள்ளது, மூழ்கியிருக்க வேண்டும். குனிந்து பார்த்தால் ஊசிக்கு அடியில் நீரின் பரப்பு பாய்போல லேசாகக் குழிந்திருப்பது தெரியும். முன் பெஞ்சு, பின் பெஞ்சு என்றில்லாமல் எல்லாரும் மேஜையைச் சுற்றி வந்துவிடுவார்கள். பிறகு ஒரு குச்சி நுனியில் ஷாம்பூவைத் தொட்டு ஓரத்தில் வைப்பேன். ஊசி விருட்டென்று உள்ளே போய்விடும்.

'ஏன்?' என்று மட்டும் கேட்பேன். யாராவது ஒரு குரல், பெரும்பாலும் பின்னாலிருந்து, 'பரப்பு இழுவிசை சார்' என்று சொல்லும். அதைப் பலகையில் எழுதி, பக்கத்திலேயே 'சர்ஃபேஸ் டென்ஷன்' என்று எழுதுவேன். நீரின் மேற்பரப்பு இழுத்துப் பிடித்த தோல்போல நடந்துகொள்வதுதான் இது. 25 டிகிரி வெப்பத்தில் நீருக்கு அது மீட்டருக்குச் சுமார் 72 மில்லிநியூட்டன். சோப்பு கலந்தால் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். முதலாமாண்டுப் பாடத்தின் ஒரு பகுதி அங்கேயே தொடங்கிவிட்டது.

இயற்பியல் துறையினர் யாராவது இதைச் செய்வதாக இருந்தால், டம்ளரை முந்தின நாளே நன்றாக அலசி வையுங்கள். துளி சோப்பு ஒட்டியிருந்தாலும் ஊசி நிற்காது.

நன்றி, வணக்கம்.