கம்பெனியில இருந்து போய் பிள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லித் தர்றது பத்தி

அடுத்த கேள்வி. ஓஎம்ஆர்ல ஐடி கம்பெனியில வேலை செய்யற ஒரு தம்பி கேட்டிருக்காரு. "நாங்க முப்பது பேர் பக்கத்துல இருக்கிற அரசுத் தொடக்கப் பள்ளிக்குப் போய், மூணாம் வகுப்புப் பிள்ளைங்களுக்கு ஆக்டிவிட்டி வச்சு கணக்கு சொல்லித் தரலாம்னு இருக்கோம். ஒரே நாள்ல என்ன பண்ண முடியும்? நாங்க குடுக்கிற நேரம் சிஎஸ்ஆர் கணக்குல வருமா?"

ரெண்டாவதை முதல்ல முடிச்சிடறேன். வராது. சிஎஸ்ஆர்னா கம்பெனிங்க சமூக நலனுக்காகச் செலவு பண்ண வேண்டிய பொறுப்பு. 2013 கம்பெனிச் சட்டம் 135ஆம் பிரிவுல சொல்ற, லாபத்துல 2 சதவீதம், கம்பெனி கையில இருந்து செலவு பண்ண வேண்டிய பணம். ஊழியர்களோட நேரத்துக்கு விலை போட்டு அதுல காட்டக் கூடாதுன்னு 2021லயே மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் விளக்கம் குடுத்திருக்கு. உங்க நேரம் உங்க விருப்பத்துல குடுக்கிறது, அப்படியே இருக்கட்டும்.

இப்ப கணக்குக்கு வருவோம். 32ல 17 போனா எவ்வளவுன்னு எழுதச் சொல்லுங்க. நிறையப் பிள்ளைங்க 25ன்னு எழுதும். ஏன்னா 2ல 7 போகாது, அதனால 7ல 2 போக 5, 3ல 1 போக 2. இது கவனக்குறைவு இல்லைங்க. 32ன்னா அந்தப் பிள்ளைக்கு ஒரு மூணும் ஒரு ரெண்டும்தான். அந்த மூணு, மூணு பத்துன்னு மனசுல இன்னும் பதியலை. நாம உடனே "பக்கத்துல கடன் வாங்கு"ன்னு சொல்லிடறோம். பிள்ளையும் 3ஐ அடிச்சு மேல 2ன்னு போடும். எவ்வளவு வாங்கினோம்னு கேட்டா முழிக்கும்.

அங்கதான் ஐஸ் குச்சி வேணும். பத்துப் பத்தா எண்ணி ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டச் சொல்லுங்க. நீங்க கட்டிக் கொண்டு போகாதீங்க, பிள்ளைங்களே எண்ணிக் கட்டணும். மூணு கட்டு, ரெண்டு உதிரி, அதுதான் 32. இப்ப 17 எடுத்துக் குடும்மான்னு கேளுங்க. ஒரு கட்டை எடுத்துக் குடுத்துடும். அப்புறம் ஏழு உதிரி வேணும், இருக்கிறது ரெண்டு. நின்னுடும். உங்களைப் பார்க்கும். அந்த இடத்துல தயவுசெஞ்சு வாயைத் திறக்காதீங்க, கையையும் நீட்டாதீங்க. கொஞ்ச நேரத்துல அதுவே ஒரு கட்டைப் பிரிக்கும். உதிரி பன்னெண்டாகும், ஏழை எடுத்துக் குடுக்கும். மிச்சம் ஒரு கட்டு, அஞ்சு உதிரி. பதினஞ்சு! அப்ப அந்த முகத்தை நீங்க பார்க்கணும்.

அதுக்கப்புறம் கட்டுகளைப் படமா போடச் சொல்லுங்க. நோட்டுல எண்ணா எழுதறது கடைசியில. கை, படம், எண், இந்த வரிசையைத்தான் அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960கள்லயே சொன்னார். நம்ம ஆளுங்க அவசரப்பட்டு நேரா நோட்டுக்குப் போயிடறாங்க, எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

வேற என்ன செய்யலாம்னா, சாண் வச்சு பெஞ்சை அளக்கச் சொல்லலாம், ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு விடை வரும், ஸ்கேல் எதுக்குன்னு அப்ப புரியும். காகிதக் காசு வச்சு கடை விளையாட்டு. புளியங்கொட்டையை வரிசை வரிசையா அடுக்கிப் பெருக்கல். ஒரு நாளைக்கு ஒண்ணே ஒண்ணு போதும்.

ஒரே நாள்ல முப்பது பேர் போகாதீங்க. போட்டோ நல்லா வரும், கணக்கு வராது. அஞ்சஞ்சு பேரா ஆறு வாரம் போங்க, ஒருத்தருக்கு நாலஞ்சு பிள்ளைங்க. தமிழ்நாடு அரசு தொடக்கப் பள்ளிப் பிள்ளைங்களுக்காக 2022ல தொடங்கின எண்ணும் எழுத்தும் திட்டத்துல, பிள்ளைங்க எவ்வளவு கத்திருக்காங்கன்னு பார்த்து அரும்பு, மொட்டு, மலர்னு நிலை பிரிச்சிருக்காங்கல்ல, ஒரே வகுப்புல மூணு நிலையும் உக்காந்திருக்கும். ஒத்தை டீச்சர் அத்தனை பேர் பக்கத்துலயும் உக்கார முடியாது. நீங்க உக்காரலாம். உங்க உதவி அங்கதான் தேவைப்படுது.

அதனால போறதுக்கு முன்னாடி தலைமை ஆசிரியர்கிட்ட அனுமதி வாங்கிட்டு, வகுப்பு டீச்சரைப் பார்த்து இந்த மாசம் எந்தப் பாடம், எந்தப் பிள்ளைங்க எங்க தடுமாறுதுன்னு கேட்டுக்கோங்க. தம்பி, அவங்க என்ன சொன்னாங்கன்னு கமெண்ட்ல எழுதுங்க, அதுக்கு என்ன பொருள் எடுத்துட்டுப் போகலாம்னு அடுத்த வீடியோவுல சொல்றேன்.