ஓல்ட் நம்பர் ஒன்னும் ஒரு பழைய புகைப்படமும்

லண்டனிலிருந்து ஒரு நேயரின் கேள்வி. 1930களின் எம்.ஜி. மிட்ஜெட் என்ற சிறிய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை விலை பேசிக்கொண்டிருக்கிறாராம். இங்கிலாந்தின் பழைய பந்தயத் தடமான புரூக்லாண்ட்ஸில் ஓடிய கார் என்று விற்பவர் ஒரு புகைப்படத்தைக் காட்டுகிறார். ஆனால் பாதிப் பாகங்கள் பிறகு மாற்றப்பட்டவை. 'அப்படியென்றால் இது அதே கார்தானா? பந்தயக் கதையை எப்படிச் சரிபார்ப்பது?' என்று கேட்கிறார்.

நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். பழைய பந்தயக் காருக்கு மட்டும் அது பொருந்தாது, மூலம் பார்த்தே ஆக வேண்டும்.

பாகங்கள் பற்றிய கேள்வி 1990இல் இங்கிலாந்தில் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 'ஓல்ட் நம்பர் ஒன்' என்று அழைக்கப்பட்ட பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ், 1929, 1930 இரண்டு ஆண்டுகளிலும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற கார். 1932இல் அதற்கு 8 லிட்டர் இன்ஜின் பொருத்தி புரூக்லாண்ட்ஸில் ஓட்டினார்கள். தடத்தின் சாய்வான வளைவில் விளிம்பைத் தாண்டிப் பறந்து விழுந்ததில், அதை ஓட்டிய கிளைவ் டன்ஃபீ இறந்துபோனார். பிறகு அதை மீண்டும் கட்டினார்கள். பல ஆண்டுகள் கழித்து ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்ட நிறுவனம், 'இது அந்தக் கார் அல்ல' என்று பின்வாங்கியது. விற்றவர் வழக்குப் போட்டார்.

1929இல் வென்ற காரின் பாகம் என்று உறுதியாகச் சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. 1930 காரிலிருந்து பெடல் தண்டு, கியர்பாக்ஸ் உறை, ஸ்டீயரிங் தண்டு மட்டும் இருக்கலாம் என்பது நிபுணர் கருத்து. அப்படியும் விற்றவர் பக்கமே தீர்ப்பு வந்தது. அந்தக் கார் ஒரு நாளும் காணாமல் போகவில்லை, கலைந்து வேறொன்றாகவும் ஆகவில்லை; ஒவ்வொரு மாற்றமும் அதே காரின் வாழ்க்கையில் நடந்தது என்று நீதிபதி ஆட்டன் ஏற்றுக்கொண்டார். ஆகவே போல்ட் நட்டை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். காரின் வரலாற்றுச் சங்கிலி இடையில் அறுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இனி அந்தப் புகைப்படம். காரில் எழுதிய எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம், அது அந்த ஒரு பந்தயத்துக்கானது. 1929இல் 1ஆம் எண்ணில் ஓடியதால்தான் அந்த பென்ட்லிக்கு அந்தப் பெயர். மறு ஆண்டு அதே கார் 4ஆம் எண்ணில் ஓடியது. நம்பர் பிளேட்டும் முழுச் சாட்சி ஆகாது, பிரிட்டனில் பதிவெண்ணை வேறு காருக்கு மாற்றிக்கொள்ள முடியும். போனட்டில் காற்றுப் பிளவுகள் எத்தனை, பெட்ரோல் மூடி எங்கே என்று படத்தோடு ஒப்பிடலாம்தான். ஆனால் படத்தைப் பார்த்தே அப்படி ஒரு போனட்டைத் தட்டி எடுத்துவிடும் கெட்டிக்காரர்கள் அங்கே இருக்கிறார்கள்!

உங்களுக்கு வேண்டியது பழைய லாக் புக், நம் ஊர் ஆர்.சி. புத்தகத்தின் மூதாதை. சேஸிஸ் எண், இன்ஜின் எண், உரிமையாளர்களின் பெயர்கள், காரைப் பதிவு செய்த உள்ளூர் கவுன்சிலின் முத்திரை எல்லாம் அதில் இருக்கும். பந்தய நிகழ்ச்சி நிரலிலோ, 'மோட்டார் ஸ்போர்ட்', 'ஆட்டோகார்' பழைய இதழ்களிலோ சேஸிஸ் எண்ணைத் தேடினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். ஓட்டுநர் பெயரும் காரின் வகையும்தான் இருக்கும். அந்த ஓட்டுநரின் பெயர் பந்தயத் தேதியில் லாக் புக்கில் உரிமையாளராக இருந்தால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். இரவல் கார் ஓட்டியவர்களும் உண்டு என்பதால்தான் பாதி என்கிறேன்.

லாக் புக் தொலைந்திருந்தால் அந்தந்தக் கவுன்சிலின் பதிவேட்டைத் தேட வேண்டும். 1970களில் பதிவு வேலை ஸ்வான்சீ நகரிலுள்ள மத்திய அலுவலகத்துக்குப் போனபோது பல கவுன்சில்கள் பழைய பேரேடுகளை அழித்துவிட்டன. நினைத்தாலே வயிறு எரிகிறது. தப்பியவை மாவட்ட ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. மிட்ஜெட், மேக்னா, மேக்னெட் என்ற எம்.ஜி. வகைகள் மூன்றுக்குமாக எம்.ஜி. கார் கிளப்பில் 'டிரிபிள் எம் ரெஜிஸ்டர்' என்ற பிரிவே இருக்கிறது. முன்பணம் கொடுப்பதற்கு முன் சேஸிஸ் எண்ணோடு அவர்களுக்கு எழுதுங்கள்.

விற்பவரிடம் புகைப்படம் தவிர வேறொன்றும் இல்லையென்றால், பந்தயம் ஓடாத மிட்ஜெட்டுக்கு என்ன விலையோ அதைச் சொல்லுங்கள். அவர் முகம் எப்படி மாறுகிறது என்று எனக்கு மறக்காமல் எழுதுங்கள்.