உட்கருவை உதறிவிட்டு வரும் சிவப்பணு

(பினாங்கில் தமிழ்ப்பள்ளி மண்டபம் ஒன்றில், ஒரு ஞாயிறு மாலை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம். மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருக்கிற இந்த நேரத்தில் இத்தனை பேர் வந்திருப்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை. அழைப்பிதழில் ‘புரதமும் உடல்நலமும்’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். ஒரு நாளைக்கு எத்தனை முட்டை சாப்பிடலாம், எந்தப் பால்மாவு நல்லது என்று சொல்வேன் என எதிர்பார்த்து வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். சாப்பாட்டுக்கும் வருகிறேன். ஆனால் நான் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் காலம் தள்ளியவன். எனக்கு நன்றாகத் தெரிந்தது சிவப்பணு ஒன்றுதான். அதனால் அதை வைத்தே பேசுகிறேன்.

இந்த நாட்டில் நம் குடும்பங்கள் அடிக்கடி சந்திக்கிற சோதனைகள் மூன்று. பிள்ளை பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தில் பார்க்கிற ஜி6பிடி என்ற நொதிக் குறைபாட்டுச் சோதனை. இடைநிலைப்பள்ளியில் நான்காம் படிவத்தில் எடுக்கிற, தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் கோளாறுக்கான சோதனை. அப்புறம் அப்பா அம்மாவுக்கு இனிப்புநீருக்காக எடுக்கிற ‘மூணு மாசத்து சர்க்கரை’, அதாவது எச்பிஏ1சி. மூன்றையும் வேறு வேறு மேசையில், வேறு வேறு வயதில் பார்ப்பதால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தெரியும். மூன்றுமே, சிவப்பணு தன் புரதங்களை எப்படிக் கட்டுகிறது, கட்டி முடித்த பிறகு என்ன ஆகிறது என்பதைச் சுற்றித்தான் வருகின்றன.

சிவப்பணு பிறப்பது எலும்பு மஜ்ஜையில். நாம் இங்கே உட்கார்ந்திருக்கும்போதே ஒவ்வொருவர் உடம்பிலும் வினாடிக்குச் சுமார் 2 மில்லியன் சிவப்பணுக்கள் புதிதாக உருவாகின்றன. இளம் வயதில் இதற்கும் மற்ற உயிரணுக்களைப் போல உட்கரு உண்டு. அதற்குள் டிஎன்ஏ உண்டு. டிஎன்ஏவில் இருப்பது நான்கே எழுத்து: ஏ, டி, ஜி, சி. மும்மூன்று எழுத்தாகப் படித்தால் 64 சேர்க்கைகள் வரும். அவற்றில் 61 சேர்க்கைகள், புரதம் என்ற சங்கிலியின் கண்ணியான ஏதாவது ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும்; மீதி மூன்றுக்கும் ‘இத்தோடு நிறுத்து’ என்று பொருள். இந்தக் கணக்கை அவிழ்த்ததற்காகத்தான் ஹர் கோபிந்த் குரானாவுக்கு, இன்னும் இருவரோடு சேர்த்து, 1968-இல் நோபல் பரிசு கிடைத்தது.

மூல டிஎன்ஏ உட்கருவை விட்டு வெளியே வராது. தேவையான பகுதி மட்டும் தூது ஆர்என்ஏவாகப் படியெடுக்கப்பட்டு வெளியே வரும். அங்கே ரைபோசோம் அதைக் கவ்விக்கொண்டு, மும்மூன்று எழுத்தாக நகர்ந்து படிக்கும். ஒவ்வொரு மூன்றெழுத்துக்கும் உரிய அமினோ அமிலத்தைக் கடத்தி ஆர்என்ஏ என்ற சின்ன மூலக்கூறு சுமந்துகொண்டு வரும். வந்ததை முன்பு வந்ததோடு இணைப்பது ரைபோசோமின் வேலை. அந்த இணைப்பைச் செய்வதும் ரைபோசோமில் இருக்கிற ஆர்என்ஏதான். அதிலுள்ள புரதங்கள் பெரும்பாலும் கட்டுமானத்துக்கு. இந்த ரைபோசோமின் வடிவத்தை அணு அணுவாகக் கண்டு சொன்னதற்காக 2009-இல் நோபல் வாங்கிய மூவரில் ஒருவர் வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். சிதம்பரத்தில் பிறந்தவர். (கைதட்டல்.) தட்டுங்கள், தப்பில்லை. ஆனால் அவர் வளர்ந்தது வடோதராவில், ஆராய்ச்சி செய்தது அமெரிக்காவிலும் கேம்பிரிட்ஜிலும்.

சிவப்பணு கட்டுகிற முக்கியமான புரதம், ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபின். அதில் இரண்டு விதமான சங்கிலி. ஆல்ஃபா சங்கிலி 141 அமினோ அமிலங்கள், பீட்டா சங்கிலி 146. ஒரு பீட்டா சங்கிலியைக் கட்டி முடிக்க ரைபோசோமுக்கு ஒரு நிமிடம் பிடிக்குமா பிடிக்காதா, அவ்வளவுதான். ஆல்ஃபா இரண்டு, பீட்டா இரண்டு ஒன்றாகச் சேர்ந்து, ஒவ்வொன்றும் நடுவில் ஓர் இரும்பை வைத்துக்கொண்டால் ஒரு ஹீமோகுளோபின் தயார். ஒரே ஒரு சிவப்பணுவுக்குள் இப்படி ஏறக்குறைய 270 மில்லியன் இருக்கின்றன.

நான் இரண்டு விதமான சங்கிலி என்று சொன்னதை மறந்துவிடாதீர்கள். ஆல்ஃபாவுக்கான மரபணு 16-ஆம் குரோமோசோமில் இருக்கிறது, பீட்டாவுக்கானது 11-இல். வேறு வேறு இடம். ஆனால் உற்பத்தி சரிசமமாக வர வேண்டும். பீட்டா குறைந்துபோனால், துணை இல்லாத ஆல்ஃபா சங்கிலிகள் உயிரணுவுக்குள்ளேயே கட்டியாகப் படிந்து அதைக் கெடுத்துவிடும். பல சிவப்பணுக்கள் மஜ்ஜையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே செத்துப்போகும். பீட்டா தலசீமியா என்பது இதுதான். இரத்தம் போதவில்லை என்பது அதில் பாதிதான். மிச்சம் பாதி, அதிகப்படியான மற்ற சங்கிலி செய்கிற சேதம். கடுமையான வகை இருக்கிற பிள்ளைக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்ற ஏற்ற உடம்பில் இரும்பு சேரும். அதை வெளியேற்ற இன்னொரு மருந்து, அதுவும் ஆயுள் முழுக்க.

நம் வட்டாரத்தில் பரவலாக இருக்கிற ஹீமோகுளோபின் ஈ என்ற மாறுபட்ட ஹீமோகுளோபினைப் பாருங்கள். பீட்டா சங்கிலியில் 26-ஆம் இடம். ஜிஏஜி என்று இருக்க வேண்டியது ஏஏஜி என்று இருக்கிறது. ஒரே எழுத்து. குளூட்டாமிக் அமிலம் வர வேண்டிய இடத்தில் லைசின் வந்துவிடுகிறது. அத்தோடு போகாமல், இந்த ஒரு எழுத்து தூது ஆர்என்ஏவை வெட்டி ஒட்டுகிற இடத்தையும் குழப்பிவிடுவதால் உற்பத்தியும் குறைகிறது. ஈ மட்டும் சுமக்கிறவருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. அவர் பீட்டா தலசீமியா சுமக்கிற ஒருவரைக் கல்யாணம் செய்தால்தான் சிக்கல். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, பிள்ளைக்கு இரண்டும் சேர்ந்து வர. 2016 முதல் நான்காம் படிவ மாணவர்களுக்குச் சோதனை செய்வது இதற்காகத்தான். பள்ளியிலிருந்து வருகிற சம்மதப் பாரத்தில் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புகிற பெற்றோர் இருக்கிறார்கள். ‘பொண்ணுக்கு நாளைக்கு வரன் அமையாது’ என்பார்கள். ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்க்கிற வீட்டில் இதைப் பார்க்கத் தயக்கம் என்றால் எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

சரி, சிவப்பணுவின் கதைக்குத் திரும்புவோம். ஹீமோகுளோபின் ஓரளவு நிறைந்ததும் அது ஒரு விசித்திரமான காரியம் செய்கிறது. தன் உட்கருவையே வெளியே தள்ளிவிடுகிறது. தள்ளிய உட்கருவை மஜ்ஜையில் இருக்கிற பெருவிழுங்கணுக்கள் தின்றுவிடுகின்றன. இனிமேல் புதிதாகப் படியெடுக்க டிஎன்ஏ இல்லை. ஏற்கெனவே எடுத்து வைத்த தூது ஆர்என்ஏவும் ரைபோசோம்களும் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அவற்றோடு இரத்தத்துக்குள் வந்து சேரும்.

இந்தக் கட்டத்தை நீங்கள் கண்ணால் பார்க்கலாம். ஒரு சொட்டு இரத்தத்தோடு நியூ மெத்திலீன் நீலம் என்ற சாயத்தைக் கலந்து, கொஞ்ச நேரம் வெதுவெதுப்பில் வைத்து, கண்ணாடித் தகட்டில் இழுத்து நுண்ணோக்கியில் வைத்தால், வழவழவென்று வெறுமையாக இருக்கிற சிவப்பணுக்களுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக நீல நூல் சிக்குப் போல வலை தெரிகிற அணுக்கள் இருக்கும். அந்த வலை, மிச்சமிருக்கும் ரைபோசோம்களும் ஆர்என்ஏவும்தான். நலமாக இருக்கிறவர் இரத்தத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டு இருக்கும். இரத்தம் உள்ளுக்குள் உடைந்துகொண்டிருப்பவருக்குத் தகடு முழுக்க நீல வலையாகத் தெரியும், மஜ்ஜை அவசர அவசரமாகப் புது அணுக்களை அனுப்புவதால். இப்போது இதையெல்லாம் இயந்திரமே எண்ணிவிடுகிறது. எனக்குக் கண்ணால் எண்ணிய பழக்கம் இன்னும் போகவில்லை.

ஒன்றிரண்டு நாளில் அந்த வலையும் மறைந்துவிடும். அதற்குப் பிறகு சிவப்பணு வாழ்வது சுமார் 120 நாள். அந்த 120 நாளும் அதனால் ஒரு புரதத்தைக்கூடப் புதிதாகக் கட்ட முடியாது. வேலையை விட்டு வந்தபின் கையில் இருக்கிற இபிஎஃப் பணத்தை மட்டும் வைத்துக் காலம் தள்ளுகிறவர் நிலைமைதான். வரவு கிடையாது, செலவு மட்டும். ஏன் இந்தத் தியாகம் என்றால், இடம் மிச்சம். உட்கரு போனதால் ஹீமோகுளோபினை நிறைய அடைக்கலாம், தன்னைவிடக் குறுகலான இரத்தக் குழாயிலும் மடிந்து நுழைந்து போகலாம்.

ஜி6பிடி விவகாரம் இங்கேதான் வருகிறது. அது ஒரு நொதிப் புரதம், 515 அமினோ அமிலங்கள் கொண்டது. ஆக்சிஜனைச் சுமந்து திரிகிற சிவப்பணு துருப்பிடித்துப் போகாமல் காக்கிற வேலையில் அதற்குப் பெரும் பங்கு. குறைபாடு உள்ள பலருக்கு இந்தப் புரதம் அடியோடு இல்லாமல் போவதில்லை. கட்டுகிறார்கள், ஆனால் நிலைத்து நிற்காத ஒன்றைக் கட்டுகிறார்கள். கல்லீரல் போன்ற மற்ற உறுப்புகளில் பழையது சிதைந்தால் புதிது கட்டிக்கொள்ளலாம். சிவப்பணுவால் முடியாது. வயது ஏற ஏற அதற்குள் ஜி6பிடி கரைந்துகொண்டே போகும். அந்த நேரத்தில் பாச்சை உருண்டையில் இருக்கிற நாப்தலீன் போன்ற ஒன்று உடம்புக்குள் போனால் வயதான அணுக்கள் முதலில் உடையும். பாட்டி ஆசையாக எடுத்து வைத்த ஏணைத் துணி, பழைய சட்டை எல்லாம் பாச்சை உருண்டை போட்டு அலமாரியில் வைத்ததாக இருக்கும். அதைக் கட்டிக் குழந்தையைப் போடாதீர்கள். பிறந்த பிள்ளைக்கு மஞ்சள் ஏறி, அது மூளை வரை போய்விடலாம். கச்சாங் பாராங் என்று நாம் கொறிக்கிற அந்த ஃபாவா அவரைப் பருப்பும், சில மலேரியா மருந்துகளும் இதே பட்டியலில் வரும். மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண் பிள்ளைகளுக்கே அதிகம்.

இன்னொன்று சொல்லி வைக்கிறேன். இரத்தம் உடைந்து முடிந்த கையோடு ஜி6பிடி சோதனை எடுத்தால் ‘குறை இல்லை’ என்று வந்துவிடலாம். வயதான அணுக்கள் எல்லாம் உடைந்து போய், நொதி இன்னும் தீராத இளசுகள் மட்டும் இரத்தத்தில் இருக்கும். சில வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

மூன்றாவது, இனிப்புநீர். 2023-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 15.6 விழுக்காட்டினருக்கு இது இருக்கிறது. ஏறக்குறைய ஆறில் ஒருவர். நம் சமூகத்தில் நிலைமை இதைவிட மோசம், அது உங்களுக்கே தெரியும். எச்பிஏ1சி என்ன அளக்கிறது? இரத்தத்தில் ஓடுகிற குளூக்கோஸ், பீட்டா சங்கிலியின் முதல் அமினோ அமிலத்தில் போய்த் தானாக ஒட்டிக்கொள்ளும். இதற்கு நொதி எதுவும் வேண்டாம். சர்க்கரை கூடக் கூட ஒட்டுவதும் கூடும். பழைய ஹீமோகுளோபினை மாற்ற வழியில்லாததால், ஒட்டியது அந்த அணு சாகும்வரை அங்கேயே இருக்கும். டெஹ்ரானில் சாமுவேல் ரஹ்பர் என்பவர் 1968-இல் வேறெதையோ தேடிக்கொண்டிருந்தபோது, இனிப்புநீர்க்காரர்கள் இரத்தத்தில் இது கூடுதலாக இருப்பதைக் கவனித்தார். இன்று நம் நாட்டு மருத்துவ வழிகாட்டியின்படி 6.3 விழுக்காடோ அதற்கு மேலோ வந்தால் இனிப்புநீர்.

கிளினிக்குக்குப் போவதற்கு முந்தின இரண்டு நாள் மட்டும் சோற்றைக் குறைத்து, தே தாரிக் குடிக்காமல் போய் உட்காருகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் யாரையும் இந்தச் சோதனையில் ஏமாற்ற முடியாது. பின்னால் இருந்து சிரிக்கிறவர் யார் என்று பார்த்துவிட்டேன்.

சாப்பாட்டுக்கு வருகிறேன், சுருக்கமாக. 20 அமினோ அமிலங்களில் ஒன்பதை உடம்பு தானாகச் செய்யாது, சாப்பிட்டுத்தான் ஆக வேண்டும். அரிசியில் லைசின் குறைவு. உளுந்திலும் துவரையிலும் அது நிறைய. பருப்பில் மெத்தியோனின் குறைவு. அரிசி அதை ஈடுகட்டும். அதனால் தோசையும் சாம்பாரும் நல்ல ஜோடி. சோயாவைப் புளிக்கவைத்துச் செய்கிற தெம்பே மலிவான, அருமையான பொருள். நம் வீடுகளில் இன்னும் கொஞ்சம் தாராளமாகச் செய்யலாம். நலமாக இருக்கிற பெரியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் என்பது பொதுவான கணக்கு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்தக் கணக்கை என்னிடம் கேட்காமல் மருத்துவரிடம் கேளுங்கள். தோல் மினுமினுக்க ‘கொலாஜன்’ பவுடர் விற்கிற நேரடி விற்பனைக்காரர்கள் இங்கே இருந்தால் மன்னிக்கவும். குடிக்கிற கொலாஜன் முழுசாகப் போய்க் கன்னத்தில் உட்காருவதில்லை. வயிறும் குடலும் அதைத் துண்டு துண்டாக அறுத்த பிறகுதான் உள்ளே விடும். அந்தத் துண்டுகளை எங்கே பயன்படுத்துவது என்று உடம்புதான் முடிவு செய்யும், விளம்பரப் படத்தில் வருகிற நடிகை இல்லை.

பேச்சு முடிந்ததும் முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா எழுந்து கேட்டார்: “ஐயா, என் வீட்டுக்காரருக்குத் தலசீமியா இருக்கு, அப்பப்போ ரத்தம் ஏத்துவோம். வீட்டுல குத்திப் பார்த்தா சர்க்கரை பத்து, பதினொண்ணு வருது. ஏ1சி மட்டும் எப்பவும் நல்லா இருக்குன்னு சொல்றாங்க. எதை நம்புறது?”

அன்று வந்த கேள்விகளிலேயே இதுதான் மிக முக்கியமானது. (அந்த அம்மா சொன்னது மில்லிமோல் கணக்கு; பத்து, பதினொன்று என்றால் கூடுதல்.) அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன். ஏ1சி கணக்கு, சிவப்பணு 120 நாள் வாழும் என்ற நம்பிக்கையில் போட்டது. தலசீமியாவிலோ, ஜி6பிடியால் இரத்தம் உடையும்போதோ அணுக்கள் சீக்கிரம் சாகின்றன. சர்க்கரை ஒட்ட நேரம் போதாது. இரத்தம் ஏற்றினால் உள்ளே ஓடுவது வேறொருவருடைய ஹீமோகுளோபின். அளவு பொய்யாகக் குறைந்து காட்டும். இரும்புச்சத்துக் குறைவில் நேர்மாறாக, இருப்பதைவிடக் கூட்டிக் காட்டலாம். ஹீமோகுளோபின் ஈ இருந்தால் சில இயந்திரங்களின் அளவு தடுமாறும். இப்படிப்பட்டவர்களுக்கு ஃபுரக்டோசமின் என்று வேறொரு சோதனை உண்டு. அது சிவப்பணுவை விட்டுவிட்டு, இரத்த நீரில் மிதக்கிற அல்புமின் போன்ற புரதங்களில் ஒட்டிய சர்க்கரையை அளக்கும். கடந்த இரண்டு மூன்று வார நிலவரம் அதில் தெரியும். வீட்டில் குத்திப் பார்த்து எழுதி வைத்திருக்கிற நோட்டையும் கையோடு கொண்டுபோய், “தலசீமியா இருக்கிறது, கடைசியாக இந்தத் தேதியில் இரத்தம் ஏற்றினோம்” என்று மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள் என்றேன். அந்த அம்மா சோதனையின் பெயரை இரண்டு முறை கேட்டு, கைப்பேசியில் குறித்துக்கொண்டார்.